புதுக் குசினியும் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும்

லொறியில் வந்த அரிசி மூட்டைகளை எண்ணிப் பார்க்காமல் கையொப்பம் வைக்கின்ற வியாபாரியை நான் இன்றுவரை கண்டதில்லை. ஒரு மூட்டை குறைந்தாலும் சாரதியை நிறுத்தி வைத்துக்கொண்டு கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பார். துணிக் கட்டில் ஒரு சாயக் கறை இருந்தால் அதைப் புறம்பாக எடுத்து வைத்து, பில்லில் குறித்து, அடுத்த கணக்கில் கழித்துவிடுவார். பத்தாயிரம் ரூபா சரக்குக்கே இவ்வளவு கவனம். அதே மனிதர் தனது வீட்டுக் குசினிக்கு ஐந்து இலட்சத்துக்கோ எட்டு இலட்சத்துக்கோ பென்ட்ரி கபட் அடிக்கக் கொடுக்கும்போது என்ன செய்கிறார்? கொப்பியிலிருந்து கிழித்த தாளில் பாஸ் எழுதித் தந்த மூன்று வரியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அந்தச் சட்டை கழுவப்படும்போது ஒப்பந்தமும் சேர்ந்து கழுவப்பட்டுவிடுகிறது.

கடைக் கணக்கும் கடன் கொடுக்கல் வாங்கலும் எழுதுகின்ற பத்தியில் குசினிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எம்மவர்கள் பற்றுச்சீட்டு இல்லாமல் செலவழிக்கும் பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று. அத்துடன் இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் பலர் பலகை, கீல், டைல்ஸ் விற்பவர்கள். சிலர் பென்ட்ரி வேலையையே தொழிலாகச் செய்பவர்கள். ஆகவே இந்த விடயத்தில் நாம் மேசையின் இரு பக்கத்திலும் இருக்கிறோம். எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் குறை வந்தால் அதைத் திருத்தி வாங்குவதற்கு இரண்டு சாமான்கள் தேவை. ஒன்று எழுத்து. மற்றது இன்னும் கொடுத்து முடிக்காத காசு. இவை இரண்டும் கையில் இல்லாதவருக்குச் சட்டமும் அரை உதவிதான் செய்யும்.

கிழக்கில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் விட்டுவிடுவோம். இதே கதையை வேறு ஆட்களின் வாயால் மாவனல்லையிலும் புத்தளத்திலும் கேட்டிருக்கிறேன். மகளுக்குக் கலியாணம். கிழக்கின் வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். (அந்த வழக்கம் சரியா பிழையா என்பது வேறு விவாதம், இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) கூரை, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் முடிந்து கடைசியாக வருவது குசினி. கடைசியாக வருவதால் அதற்கு நேரமும் மிஞ்சுவதில்லை, காசும் மிஞ்சுவதில்லை. "ஹாஜியார், கலியாணத்துக்கு முந்தி முடிச்சித் தாறன், யோசிக்காதீங்க" என்றார் பாஸ். ஏழு இலட்சம் பேச்சு. நான்கு இலட்சம் முற்பணம். மிச்சம் மூன்று இலட்சமும் கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரவு பதினொரு மணிக்கு, பாஸ் கடைசிக் கதவை மாட்டிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக் கொடுக்கப்பட்டது. வீடு நிறைய விருந்தாளிகள். அந்த நேரத்தில் சிங்க்குக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்ப்பது யார்?

இரண்டு மாதத்தில் சிங்க்குக்குக் கீழிருந்த பலகை ஊறி உப்பியது. நான்காம் மாதம் இரண்டு கதவுகள் கீலோடு கழன்று வந்தன. மேல் கபட் சுவரிலிருந்து ஒரு விரல் அளவு விலகி நின்றது. பாஸின் தொலைபேசி முதலில் அடித்தது. பிறகு அடித்தும் எடுபடவில்லை. பிறகு அடிக்கவே இல்லை. ஹாஜியார் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் பாஸைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னார். வேறொரு பாஸைக் கூட்டி வந்தார். வந்தவர், வருகின்ற எல்லாப் பாஸ்மாரும் சொல்வதையே சொன்னார்: "இது யார் செஞ்ச வேலை? எல்லாத்தையும் கழட்டித்தான் செய்யணும்." கழட்டினார்கள். கழட்டிய பலகைகள் முற்றத்தில் மழையில் கிடந்து கஞ்சியாகின. பின்னர் ஊர்ப் பெரியவர்கள் முதல் பாஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "நான் செஞ்ச வேலை எங்க? காட்டுங்க பார்ப்பம்." காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஹாஜியார் குசினிக்கு இரண்டு தரம் காசு கொடுத்தார்.

பாஸ் செய்த வேலை மோசம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஹாஜியார் தனது கடையில் ஒருபோதும் செய்யாத மூன்று காரியங்களை வீட்டில் செய்தார். சரக்கைப் பார்க்க முன் முழுக் காசையும் கொடுத்தார். குறையை உரியவருக்கு எழுத்தில் அறிவிக்காமல் ஊருக்கு அறிவித்தார். பழுதான சரக்கைத் தானே அழித்துவிட்டார். பழுதடைந்து வந்த பால்மா பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, விநியோகஸ்தரிடம் போய்ப் பணம் கேட்டால் அவர் தருவாரா?

சரி, குறை வந்துவிட்டது. முதலில் என்ன குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் குறையும் ஒரே எடை அல்ல. எம்மில் சிலர் கதவில் விழுந்த ஒரு கீறலுக்குக் குரலை உயர்த்துவார்கள். கேஸ் சிலிண்டர் மூடிய கபட்டுக்குள் காற்றோட்டம் இல்லாமல் நிற்பதைக் கவனிக்க மாட்டார்கள். சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. கீழே தரையோடு தேங்கி நிற்கும். சிலிண்டரை வைக்கும் கபட்டின் அடிப்பகுதியில் காற்று வெளியேற வழி இல்லையென்றால் அது கபட் அல்ல, வெடிகுண்டுப் பெட்டி. 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் கேஸ் அடுப்பு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அன்று பேசப்பட்டது சிலிண்டருக்குள் இருந்த கலவையைப் பற்றி. ஆனால் கசிவு எந்தக் காரணத்தால் வந்தாலும் மூடிய இடத்தில்தான் அது தேங்கி நிற்கும். முடியுமானால் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துவிடுவதே மேல்.

இதே வரிசையில் வருபவை இன்னும் இரண்டு. தண்ணீர்க் குழாய்க்கு அருகில் வைத்த மின்சாரச் செருகி ஒன்று. பாரம் தாங்காத மேல் கபட் மற்றது. உள்ளே வெற்றிடம் உள்ள சீமெந்துக் கல்லில் கட்டிய சுவரில் சாதாரணக் குச்சியும் ஆணியும் அடித்து மேல் கபட்டைத் தொங்க விட்டால், அதற்குள் பீங்கான் கோப்பைகளை அடுக்கிய பிறகு அது எந்த நாளும் கீழே வரலாம். கீழே நின்று சமைப்பது உங்கள் மனைவியும் மகளும். இந்த மூன்றிலும் பாஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிலிண்டரை வெளியே எடுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள், மேல் கபட்டை வெறுமையாக்குங்கள். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பேசலாம்.

அடுத்தது பலகை. இங்குதான் பெரிய காசு மறைகிறது. சிப்போட், எம்.டீ.எஃப்., பிளைவுட் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே மெலமைன் ஒட்டினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வெட்டு முகத்தில் தெரியும். சிப்போட்டில் மரத் துகள்கள் தெரியும், எம்.டீ.எஃப். மாவைப் பிசைந்தது போல் இருக்கும். பிளைவுட்டில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும். ஈரம் தாங்கும் எம்.டீ.எஃப். என்று பச்சை நிறத்தில் விற்கிறார்கள். அந்தப் பச்சை வெறும் சாயம். எது எதுவென்று அடையாளம் காண்பதற்காகக் கலப்பது. பச்சையாக இருப்பதெல்லாம் ஈரம் தாங்கும் என்று நம்ப வேண்டாம். ஈரம் தாங்கும் என்பதற்குத் தண்ணீருக்குள் ஊறப் போடலாம் என்ற அர்த்தமும் இல்லை. தடிப்பை அளந்து பாருங்கள். 18 மில்லிமீற்றர் பேசிவிட்டு 16 மில்லிமீற்றர் போடுவது நடக்கிறது. கதவு வளைவதற்கும் கீலின் ஆணி பிடிக்காமல் கழல்வதற்கும் அதுவும் ஒரு காரணம்.

சிங்க்கிலும் இதே கதை. 304 தர எவர்சில்வர் என்று விலை பேசி 201 தரத்தைப் பூட்டினால் முதல் நாள் இரண்டும் பளபளக்கும். 304 இல் நிக்கல் அதிகம், மற்றதில் குறைவு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டதும் மற்றதில் துருப்புள்ளி விழத் தொடங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. 201 தரமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே காந்தத்தை விட்டுவிட்டுப் பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, பொருள் சரி, பொருத்திய விதம் பிழை. நம் நாட்டுக் குசினிகளில் நான் பார்த்த அழிவில் பெரும்பங்கு இதனால்தான். சிங்க் வைப்பதற்குப் பலகையில் வெட்டிய துவாரத்தின் ஓரங்கள் பச்சையாகவே விடப்படுகின்றன. குழாய் போகும் துளையும் அப்படியே. அந்த ஓரங்களை ஒட்டுப் பட்டியாலோ சிலிக்கனாலோ மூடாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பலகையும் அங்கிருந்துதான் தண்ணீர் குடிக்கும். இன்னொன்று, வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துக் கபட்டின் அடிப் பலகையை நேராகத் தரையில் உட்கார வைப்பது. அந்த நாடுகளில் தரையைத் துடைப்பார்கள். எங்கள் வீடுகளில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். அடிப் பலகை ஆறு மாதத்தில் பூ மாதிரி விரியும். பிளாஸ்டிக் கால்களில் கபட்டைத் தூக்கி நிறுத்துவதற்கு அதிகம் செலவாகாது. அலுமினியப் பென்ட்ரி எங்கள் நாட்டில் இவ்வளவு பரவியதற்குக் காரணமே இந்தத் தண்ணீரும் கறையானும்தான். ஆனால் அதிலும் மெல்லிய கம்பியும் தளர்ந்த மூலைகளும் இருந்தால் ஒரு வருடத்தில் கதவெல்லாம் ஆடத் தொடங்கும்.

வேலையை ஒப்படைக்கும்போது பத்து நிமிடம் செலவழியுங்கள். சிங்க்கை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, கீழே காய்ந்த கடதாசியால் குழாய் மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். கிரனைட் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு லாச்சியையும் பாரம் வைத்து இழுத்துப் பாருங்கள். வெறும் லாச்சி எல்லாம் நன்றாகத்தான் ஓடும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவில் வேலையை ஒப்படைக்க வரும் பாஸிடம் "காலையில் வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டே பார்ப்பம்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

குறைகளைக் கண்டதும் ஒரு தாளில் எழுதுங்கள். "வேலை சரியில்லை" என்று எழுதினால் அது சண்டைக்கான அழைப்பு. "சிங்க்குக்குக் கீழ் வலப்பக்கப் பலகை ஓரம் மூடப்படவில்லை, இரண்டு அங்குலம் ஊறியிருக்கிறது" என்று எழுதினால் அது வேலைப் பட்டியல். படங்களையும் எடுத்து, திகதியோடு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திருத்துவதற்கு நியாயமான ஒரு தவணையையும் கேளுங்கள், ஒரு வாரமோ பத்து நாளோ. பேசுவதெல்லாம் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் "இன்று பேசிக்கொண்டபடி" என்று தொடங்கி இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். குரல் பதிவு அனுப்புவதை நான் விரும்புவதில்லை. அதில் கோபம் மட்டும் பதிவாகும், குறை பதிவாகாது.

முதல் பாஸுக்குத் திருத்தச் சந்தர்ப்பம் கொடுக்காமல் இரண்டாம் பாஸைக் கூப்பிடாதீர்கள். இது அவர்மேல் உள்ள இரக்கத்தால் சொல்வது மட்டுமல்ல. வேறொருவர் கை வைத்த நிமிடத்திலேயே எந்தக் குறை யாருடையது என்ற கணக்குக் குழம்பிவிடும். அவர் வராவிட்டாலோ, வந்தும் முடியாது என்றாலோ, அப்போது இன்னொருவரை அழைத்து, கழட்ட முன்பு, திருத்துவதற்கு எவ்வளவு செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகைதான் பிறகு பேசுவதற்கான உங்கள் கணக்கு.

இப்போது காசுக்கு வருவோம். குறை இருக்கிறது என்பதற்காக மிச்சக் காசு முழுவதையும் பிடித்து வைப்பவர்களும் எம்மில் இருக்கிறார்கள். அதையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு கீல் தளர்ந்ததற்கு ஒன்றரை இலட்சத்தை ஆறு மாதம் வைத்திருந்தவரை எனக்குத் தெரியும். அந்தக் காசைத் தன் கடையில் சரக்கில் போட்டுச் சுழற்றினார். பாஸுக்குக் கீழே இரண்டு பொடியன்கள் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். பலகைக் கடையில் அவருக்கும் கடன் இருக்கிறது. அந்தப் பலகைக் கடைக்காரரும் இந்தப் பத்தியை வாசிப்பவராக இருக்கலாம். குறையின் பெறுமதி எவ்வளவோ, அதற்குக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து வையுங்கள். மற்றதைக் கொடுத்துவிடுங்கள். முழுக் காசையும் பிடித்தால் பாஸ் கணக்குப் போட்டுப் பார்ப்பார்: திரும்பி வந்து ஒரு நாள் வேலை செய்தாலும் இந்த ஆள் தரப்போவதில்லை, அந்த ஒரு நாளை வேறு வீட்டில் செய்தால் கைமேல் காசு. அவர் வராமல் போவதற்கு நாமே காரணம் செய்து கொடுக்கிறோம்.

அப்படியும் இணக்கம் வராவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது? எம்மவர்களுக்கு நீதிமன்றம் என்றால் வருடக் கணக்கு என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்துக்கு முன்பே இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, தொழிலாக ஒரு சேவையைச் செய்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார், அதற்குப் பயன்படுத்தும் பொருட்கள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்துக்குள் அடங்கியதாகக் கொள்ளப்படும். பொருள் விற்பனைக்கு இதைப் போன்ற பாதுகாப்பு 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். துணிக்கடை ஹாஜியாரின் பலகை இரண்டாம் மாதம் ஊறியது. அவர் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த மூன்றாம் மாதம் போய்விட்டது. "இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன்" என்று சொல்லும் பாஸுக்கு இந்தச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாள் போகப் போகத் தனக்கு நல்லது என்பது நன்றாகத் தெரியும்.

மற்ற வாசல் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. இரு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த பணப் பிணக்குகள் முதலில் அங்கே போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். குசினிப் பிணக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். பெரும்பாலும் தீர வேண்டியது ஒரு தொகையும் ஒரு திகதியும்தான். மூன்றாவது ஆள் ஒருவர் முன்னிலையில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். கையில் தாளும் படமும் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

எழுத்துக்கு இன்னொரு பெறுமதியும் இருக்கிறது. வழக்குத் தொடரும் கால எல்லை பற்றிய 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடங்கள். வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடங்கள். ஒரு தாளும் இரண்டு கையொப்பமும் உங்களுக்கு மூன்று வருடத்தை மேலதிகமாகத் தருகின்றன. இவ்வளவு மலிவான காப்புறுதி வேறெங்கும் கிடைக்காது.

பென்ட்ரி வேலை செய்பவர்களுக்கும் பலகைக் கடை வைத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பலகை, கீல், சிலிக்கன் எல்லாம் அதோடு ஏறின. அதற்கு முன் விலை பேசி முற்பணம் வாங்கியிருந்தவர்கள் உண்மையிலேயே நெருக்கடியில் மாட்டினார்கள். வாடிக்கையாளரிடம் போய், "இந்த விலைக்கு இனி முடியாது, இவ்வளவு கூடும், அல்லது முற்பணத்தைத் திருப்பித் தாறேன்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அன்று சில ஓடர்கள் போயின. வாயைத் திறக்காமல் பலகையின் தரத்தை ஒரு படி இறக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வேலைதான் பின்னர் வீடு வீடாக உப்பியது. விலை ஏறியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் அரிசியிலும் சீனியிலும் தினமும் சொல்கிறோம்.

அடுத்தது அளவு. லீனியர் அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும்போது மேல் கபட்டும் கீழ் கபட்டும் சேர்த்தா, தனித்தனியா என்று எழுதுங்கள். மூலையை எப்படி அளப்பது என்றும் எழுதுங்கள். ஒரு சுவர் 10 அடி, மறு சுவர் 8 அடி, கபட்டின் ஆழம் 2 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவரையும் முழுதாக அளந்தால் 18 அடி வரும். மூலையில் இருக்கும் 2 அடி இரண்டு தரம் எண்ணப்பட்டிருக்கிறது. உண்மையில் இருப்பது 16 அடி. அடிக்கு 25,000 ரூபா என்றால் அந்த மூலையில் மட்டும் 50,000 ரூபா. மூலைக் கபட்டுக்கு வேலை அதிகம், ஆகவே அப்படித்தான் அளப்போம் என்று சில பாஸ்மார் சொல்வார்கள். இருக்கட்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கள்ளக் கணக்கு என்று சொல்ல முடியாது. வற் வரியும் அப்படியே. 2024 ஜனவரியில் அது 18 வீதமாக உயர்த்தப்பட்டது. பதிவு செய்த நிறுவனங்கள் கொட்டேசனில் அது சேர்ந்ததா இல்லையா என்பதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடாமல், மொத்தத் தொகைக்குப் பக்கத்திலேயே போட்டால் பாதிப் பிரச்சினை பிறக்காது.

செய்து கொடுக்கச் சொல்லி ஓடர் கொடுக்கும் பொருளுக்கு எங்கள் மார்க்கச் சட்ட அறிஞர்கள் 'இஸ்திஸ்னா' என்று தனியாக ஒரு ஒப்பந்த வகையையே வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கு நினைவுபடுத்தலாம். 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டக் கோவையிலும் அது வருகிறது. பேசி முடித்த பின் இரு தரப்பும் பின்வாங்க முடியாது. ஆனால் செய்த பொருள் சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாவிட்டால் ஓடர் கொடுத்தவருக்கு ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. கவனியுங்கள், அந்த உரிமை வர்ணனையில் தொங்குகிறது. வர்ணனையே இல்லாமல் "நல்ல பலகை, நல்ல வேலை" என்று பேசியவர் எதை வைத்து மறுப்பது?

ஆகவே ஓடர் கொடுக்கும்போது ஒரு தாளில் இவ்வளவையும் எழுதுங்கள்: பலகையின் வகையும் தடிப்பும், கீலினதும் லாச்சித் தண்டவாளத்தினதும் பெயர், சிங்க்கின் தரம், கிரனைட் யார் வாங்குவது, அளக்கும் முறை, முடிக்கும் திகதி, திருத்தித் தரும் காலம். பலகையில் ஒரு சாண் துண்டை வெட்டி வாங்கி, இருவரும் அதில் கையொப்பம் வைத்து வீட்டில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. துணிக்கடையில் மாதிரித் துண்டு வைப்பதில்லையா? கலியாணத் திகதியைப் பாஸிடம் சொல்லும்போது பதினைந்து நாள் முந்திச் சொல்லுங்கள். இது பொய்யாகிவிடும் என்று பயப்படுபவர்கள், வேலை முடியும் திகதி என்று மட்டும் சொல்லுங்கள், கலியாணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

காசைப் படிப்படியாகக் கொடுங்கள். பலகை வாங்க ஒரு பகுதி, அதைப் பலகை வீட்டுக்கு வந்து நீங்கள் தடிப்பைப் பார்த்த பிறகு. கபட்டுகள் சுவரில் ஏறியதும் ஒரு பகுதி. பகலில் பார்த்து ஒப்படைத்ததும் ஒரு பகுதி. நூற்றுக்குப் பத்தை மூன்று மாதத்துக்குச் சற்று முன் வரும் ஒரு திகதிக்கு வையுங்கள். மூன்று மாதத்துக்குள் என்று சொல்வதற்குக் காரணம் மேலே சொன்ன முறைப்பாட்டுக் காலம்தான். அந்தத் திகதியையும் தொகையையும் ஒப்பந்தத் தாளிலேயே எழுதி, பாஸுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அந்த நாள் வந்ததும் அவர் தேடி வரும்வரை பார்த்திருக்காமல் நீங்களே தொலைபேசி எடுத்துக் காசு தயார் என்று சொல்லுங்கள். ஸ்குரூட்ரைவரையும் கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் தளர்ந்த கீல்களை இறுக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார்.